ஜன்னல் பக்கத்துக் கண்

மீட்டு வந்த நாற்பத்தொரு கினிப்பன்றிகளுக்கும் தினமும் கண் பார்த்தவள் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. யாரோ வீட்டைப் பூட்டி உள்ளேயே விட்டுவிட்டுப் போன கூட்டம் அது. எங்கள் மாடி அறையில் கூண்டு கூண்டாகப் பிரித்து வைத்து, சுவரில் ஓர் அட்டவணை ஒட்டினேன். எடை, பல், மூக்கு, கண். சரியாக இருந்தால் ஒரு டிக்.

கூண்டு கழுவ அண்ணி வருவாள். முதல் வாரத்திலேயே எல்லோர் முன்னாலும் அவள் மூக்கை உடைத்துவிட்டேன். ஒரு குட்டியின் கண்ணிலிருந்து பால் மாதிரி வடிகிறது என்று பதறி ஓடி வந்தாள்.

"அண்ணி, அது மூஞ்சி கழுவுது. அதுங்களுக்கு சோப்பு கண்லேர்ந்தே வரும்," என்றேன்.

குட்டியும் முன்னங்கால்களால் முகத்தைத் தேய்த்துக்கொண்டது. நொடியில் இரண்டு கண்ணும் பளிச்சென்று ஆகிவிட்டன. உதவிக்கு வந்திருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தாள், ஆனால் சீக்கிரமே நிறுத்திக்கொண்டாள்.

அதனால்தான் புதன்கிழமை அவள் அத்தனை தயங்கித் தயங்கிப் பேசினாள் என்று இப்போது புரிகிறது.

"நம்ம சண்டியர் ஒரு மாதிரியா இருக்கான். இந்தப் பக்கமா கை நீட்டினா தூக்கிவாரிப் போடுது அவனுக்கு. கண்ணை வேற இடுக்கிக்கிறான்."

சண்டியர் ஒரு பழுப்பு முரடன். தீனிக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு நம்மை முறைப்பவன்.

"அவனுக்கு என்னிக்குதான் கோபம் இல்ல? காலையிலதான் பார்த்தேன். கண்ணு கண்ணாடி மாதிரி இருக்கு," என்று அட்டவணையைக் காட்டினேன். அவள் கூண்டு கழுவப் போய்விட்டாள். வியாழனும் டிக் போட்டேன். வெள்ளியும் போட்டேன்.

சனிக்கிழமை காலை அண்ணி சண்டியரைத் துண்டில் சுற்றி எடுத்து வந்து, திருப்பி என் மடியில் வைத்தாள்.

"இப்பப் பாரு."

வலது கண். இமை பாதி ஒட்டியிருந்தது, சுற்றிலும் முடி நனைந்து கிடந்தது. கருவிழி மேல் நீலம் பாய்ந்த மங்கல், நடுவில் காய்ந்த புல் குத்திய குழி.

ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொன்றின் வலது பக்கத்தையும் என் நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் நான் பார்ப்பேன். இடது கண்ணில் வெளிச்சம் விழும். பிறகு திருப்பி மறு கண்ணையும் பார்க்க வேண்டும். முதல் சில நாள் திருப்பினேன். வேலைக்குப் போகும் அவசரத்தில் எப்போது அதை விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

பதற்றத்தில் அலமாரியிலிருந்து பழைய சொட்டு மருந்தை எடுத்தேன். போன மாதம் வேறொன்றுக்கு வாங்கியது. அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அவனுக்குன்னு எழுதிக் குடுத்ததா அது? வை கீழே. டாக்டர்கிட்ட போலாம்."

மருத்துவமனையில் டாக்டர் கண்ணில் சாயச் சொட்டு விட்டு, விளக்கை அணைத்து, நீல டார்ச்சை அடித்தார். புண் பச்சையாக ஒளிர்ந்தது. நான் நினைத்ததைவிடப் பெரிது.

"எத்தனை நாளா இருக்கு?"

"நேத்திலேர்ந்து," என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஒரு நாள்தானா? அப்போ மருந்து போட்டுப் பார்ப்போம். மூணு நாள் கழிச்சுக் கொண்டு வாங்க." பேனாவை எடுத்தார்.

நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தையில் என் மானத்தை வாங்கியிருக்கலாம், வாங்கவில்லை. எல்லோர் முன்னாலும் நான் செய்ததை அவள் எனக்குச் செய்யவில்லை.

"இல்ல டாக்டர்," என்றேன். "புதன்கிழமையே இவங்க சொன்னாங்க. நான்தான் கேக்கல. அதுக்கு முன்னாடி எத்தனை நாள்னு தெரியாது. நான் ஒரு கண்ணைத்தான் பார்த்திருக்கேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். மீண்டும் லென்ஸ் வழியாக வெகுநேரம் பார்த்தார்.

"சொன்னீங்களே, அதுவரைக்கும் நல்லது. மருந்துக்குக் கட்டுப்படுற கட்டம் தாண்டிடுச்சு. மூணு நாள் விட்டிருந்தா கண்ணு உடைஞ்சிருக்கும், உயிருக்கே ஆபத்து. இன்னிக்கே கண்ணை எடுத்துடணும். வீட்ல வேற சொட்டு ஏதாவது போட்டீங்களா?"

"இவங்க போட விடல."

"நல்ல வேளை. சில சொட்டு புண்ணை இன்னும் அரிச்சுடும்."

அவனை அங்கே விட்டுவிட்டு வீடு திரும்பினோம். மாடியேறியதும் அண்ணி ஒவ்வொன்றாகத் தூக்கித் திருப்பிப் பிடித்தாள். நாற்பது வலது கண்களையும் பார்த்தோம். ஒன்றின் இமைக்குள் புல் துணுக்கு இருந்தது, இன்னொன்று கண்ணை இடுக்கியது. இரண்டையும் அப்போதே டாக்டரிடம் கொண்டு ஓடினோம். அவற்றுக்கு மருந்தே போதுமானதாக இருந்தது.

சண்டியர் மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தான். கிண்ணத்தைக் கவிழ்க்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து அவனைத் தூக்கினேன். தையல் போட்ட பக்கம் என் நெஞ்சில் பட்டது. மிச்சமிருந்த கண் வெளிச்சத்தைப் பார்த்தது. நான் தினமும் டிக் போட்ட கண் அதுதான்.