இருபத்துமூன்று ஆறுகள்

தலைமையாசிரியை ஃபினே கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "உன் பிள்ளைங்க உன் பேச்சை நல்லாத்தான் கேட்டிருக்காங்க, சாலேசி. பரீட்சையில எரிமலையைப் பத்திக் கேட்டா, இருபத்துமூணு பேரும் ஆத்தைப் பத்தி எழுதி வச்சிருக்காங்க."

ஹாபாய்த் தீவுகளில் அமைதியை விலைக்கு விற்பதென்றால் சாலேசி மாஸ்டர்தான் மொத்த வியாபாரி. அவர் வகுப்பில் சுண்ணக்கட்டி தேய்வது வாசல்வரை கேட்கும். ஆய்வாளர்கள்கூடப் புகழ்ந்து எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் சொல்லித் தந்ததைத் தவிர ஒரு வரி எழுதக் கூடாது என்பது அவர் சட்டம். பாடத்திட்டத்தில் ஆறு போய் எரிமலை வந்ததைச் சொல்லும் சுற்றறிக்கை மார்ச் மாதமே கப்பலில் வந்து, பிரிக்கப்படாமல் அவர் மேசை இழுப்பறைக்குள் கிடந்தது. ஆறே இல்லாத தீவின் பிள்ளைகளுக்கு அவர் ஆண்டு முழுக்க ஆறு நடத்தினார். மேற்கே, ஜன்னலுக்கு நேராக, தோஃபுவா எரிமலை தன் பாட்டுக்குப் புகைந்துகொண்டிருந்தது.

புவியியலில் தோற்றதால் எல்லோருக்கும் ஓராண்டு போயிற்று. அவர்களில் லோசேலிக்கு அதற்கு மேலும் போயிற்று. தலைநகரில் நர்ஸ் படிப்புக்கு அவள் பெயரை எடுத்துவைத்திருந்தார்கள். அந்த இடம் இப்போது வேறொருத்திக்கு. லோசேலியின் சித்தி மகள் தலைநகரில் படிக்கிறாள், புதுப் பாடத்தின் குறிப்பு முழுவதையும் பரீட்சைக்கு முன்பே இவளுக்கு அனுப்பியிருந்தாள் என்று ஃபினேதான் சொன்னாள். அதைக் கேட்டபிறகு சாலேசியால் உட்கார முடியவில்லை.

அவர் லோசேலியின் வீட்டுக்குப் போனபோது தாயும் மகளும் மரப்பட்டையைத் தட்டித் துணியாக்கிக்கொண்டிருந்தார்கள். தாய் கட்டையைக் கீழே வைத்தாள். பெட்டியைத் திறந்து, கல்யாணத்துக்கு வைத்திருந்த பாயை விரித்தாள். இளநீரும் வந்தது. திட்டியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"ஏம்மா, ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?"

லோசேலி தலை நிமிரவில்லை. "சொல்ல வந்தேன் சார். மே மாசம். கையைக் கீழ போடுன்னீங்க."

அவருக்கு அது நினைவே இல்லை. அவர் கீழே போடச்சொன்ன கைகள் எத்தனையோ.

"பரீட்சையிலயாவது தெரிஞ்சதை எழுதியிருக்கலாமே?"

"நான் ஒருத்தி மட்டும் பாஸானா, சார் தப்பா நடத்துனது ஊருக்கே தெரிஞ்சிருமே."

தாய் மகளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பெருமைபோல ஏதோ இருந்தது. சாலேசி இளநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

பிப்ரவரியில் புது வகுப்பு. நான் தப்பாகச் சொன்னால் கையைத் தூக்குங்கள் என்று அவர் சொன்னார். இருபத்தைந்து பேரும் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். அவர் திரும்பிக் கரும்பலகையில் பெரிதாக எழுதினார்: தோஃபுவா எரிமலை நம் தீவுக்குக் கிழக்கே இருக்கிறது.

சுண்ணக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். முன்வரிசையில் ஒருத்தி மட்டும் தலையைத் திருப்பி மேற்கு ஜன்னலைப் பார்த்தாள். புகை நன்றாகத் தெரிந்தது. பிறகு குனிந்து, அழகான கையெழுத்தில், கிழக்கே என்று எழுதினாள்.