பெரிய வெள்ளியில் கோழிக்குழம்பு

அமலோற்பவமேரிக்குக் கோபம் வந்தால் நடை வேகமாகிவிடும். முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரி வராந்தாவில் அன்று அவள் விறுவிறுவென்று முன்னால் போக, தங்கை சகாய பிரியா சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

தங்கைக்கு மார்பில் புற்றுநோய். கட்டியை எடுத்தாயிற்று, மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். இன்று ஏற்ற முடியாது என்று டாக்டர் கலைப்பிரியா திருப்பி அனுப்பிவிட்டார். உடம்பில் ரத்தம் இல்லை, எடை இல்லை. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் பிறந்ததிலிருந்து இவள் ஒருசந்தி இருக்கிறாள், நாளுக்கு ஒரே வேளைச் சாப்பாடு. நோயாளிக்கு ஒருசந்தி கிடையாது என்று சாமியாரே பூசையில் சொன்னார். இவள் காதில் ஏறவில்லை. திண்டிவனத்தில் ஒருவன் அந்த ஒருசந்திக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்திருந்தான்.

கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டுப் பேசினானாம். செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று ஓர் இன்ஜின் இருக்கிறது, தீனி போடாவிட்டால் அது நின்றுவிடும், புற்றுநோய் தானாகச் சாகும் என்றானாம். கூட்டிப்போனவன் சகாய பிரியாவின் புருஷன் அமிர்தசாமி. தெருவில் பாதிப்பேர் கூடவே போயிருந்தார்கள்.

"இன்ஜின் இருக்கிறது நெசந்தாம்மா," என்றார் டாக்டர். "அதக் குறிவெச்சு அடிக்கிற மருந்த ஒலகம் பூரா தேடிக்கினு இருக்காங்க. இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்குது. பட்டினி கெடந்தா நோயோட இன்ஜின் நிக்காது, ஒங்களோடதுதான் நிக்கும். முட்டை, கறி, பருப்புன்னு சாப்ட்டு திங்கக்கெழம வாங்க. இன்னும் தள்ளிப்போட்டா ஆபத்து."

தங்கையை வீட்டில் விட்ட கையோடு அமலோற்பவமேரி திண்டிவனத்துக்கு பஸ் ஏறினாள். அந்த ஆள் அப்போதுதான் இலைபோட்டு உட்கார்ந்திருந்தான். சோற்றின் மேல் வறுத்த மீன்.

"நான் எங்கம்மா சாப்பிட வேணான்னேன்? செல்லுக்கு ஓய்வு குடுங்கன்னேன்."

"ஒன் இன்ஜினுக்கு மட்டும் ஓய்வு இல்லியா? வேளாவேளைக்குத் தீனி போட்டுக்கினு கீற. என் தங்கச்சி மாடிப்படி ஏற முடியாம ஒக்காந்துக்கினு கீறா."

கைகழுவ எழுந்து உள்ளே போனவன் வெளியே வரவேயில்லை. அவள் ஊர் திரும்பினாள்.

அந்தத் திங்களுக்கு முன்பே ஏசு சிலுவையில் மரித்த பெரிய வெள்ளி வந்தது. சகாய பிரியா அன்று தண்ணீர்கூடத் தொடவில்லை. அமலோற்பவமேரி அவள் வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்துக் கோழிக்குழம்பு வைத்தாள். வாசனை தெருவையே தூக்கியது. சிலுவைப்பாதை வழிபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

"பெரிய வெள்ளியில கறியாக்கா? வேணாக்கா. நோய்க்குத் தீனி போட்ட மாதிரியும் ஆயிடும், ஆண்டவருக்கும் ஆவாது," என்றாள் சகாய பிரியா.

பிறந்தது முதல் பெரிய வெள்ளியில் பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடாதவள் அமலோற்பவமேரி. தட்டில் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, முதல் கவளத்தைத் தன் வாயில் வைத்து மென்றாள். கண்ணில் நீர் முட்டியது.

"பாவம்னா மொதல்ல எனக்கு. நீ பட்டினி கெடந்து சாவ, ஈஸ்டருக்கு நான் புதுப்பொடவ கட்டிக்கினு கோயிலுக்குப் போவணுமா? துன்னுடி."

சகாய பிரியா அக்காளின் முகத்தையே பார்த்தாள். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முதல் வாய் இறங்கவில்லை. இரண்டாவது இறங்கியது.

அமிர்தசாமி அவசரமாகக் கதவைச் சாத்தப் போனான். "அண்ணி, தெருவே பாக்குது. மானம் போவுது."

"கதவ வுடு, தம்பி. தொறந்தே இருக்கட்டும்," என்றாள் அமலோற்பவமேரி. "திண்டிவனத்துக்கு ஒன்னோட வந்தவங்க அத்தினி பேரும் இவ துன்றதப் பாத்துட்டுப் போவட்டும்."