அணசு பொருத்திய ஹெரால்டு

திருப்புட்குழி ராமலிங்கத்தின் ஹெரால்டு கார் சென்ற வைகாசியிலிருந்து பெட்ரோலோடு மனிதர்களின் பெருமூச்சையும் குடித்து ஓடுகிறது. ஊரில் இதைப் பற்றி இப்போது யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. தக்காளி விலைக்கு இருக்கிற மதிப்பு இதற்கு இல்லை.

அவர் மனைவி காந்தாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு நான்கு வருடமாகிறது. செவ்வாயும் வெள்ளியும் ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வர வேண்டும். ஒருமுறை தவறினால் கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். அதற்கு மேல் என்ன ஆகும் என்று டாக்டரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. வாடகைக் காரின் ஏசி வாடை அவளுக்குக் குடலைப் புரட்டியது. கல்யாணமான புதிதில் ஏதோ ரேஸ் பைத்தியத்திடமிருந்து வாங்கிய, இரட்டைக் கார்புரேட்டர் வைத்த இந்தப் பழைய ஹெரால்டின் முன்சீட்டு மட்டும்தான் ஒத்துக்கொண்டது. போகும்போதும் வரும்போதும் காந்தா தாராளமாகப் பெருமூச்சு விடுவாள். ராமலிங்கம் விடமாட்டார். அவளால்தான் இவருக்கு அலுப்பு என்று அவள் நினைத்துவிடக் கூடாதாம். வருவதைத் தொண்டையிலேயே விழுங்கிவிட்டு, மழை வருமா வராதா என்று பேச ஆரம்பித்துவிடுவார். நான்கு வருடம் இப்படி விழுங்கியவருக்குத் தொந்தி வைத்ததில் வியப்பில்லை.

சித்திரைக் கடைசியில் கார்புரேட்டருக்கு மேலிருந்த, காற்றை வடிகட்டும் ஃபில்டர் டப்பா துருப்பிடித்து உள்ளே உதிர்ந்தது. காஞ்சிபுரத்தில் மெக்கானிக் சனாவுல்லா பாய் அதைக் கழற்றி வைத்துவிட்டு, இருக்கிற வழிகளைச் சொன்னார். வேறு வண்டியின் ஃபில்டரை வெட்டிப் போட்டால் எஞ்சினுக்குக் காற்று போதாது, மேட்டில் திணறும். சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும் குட்டை அலுமினியக் குழல்களைப் போட்டால் வேகத்தில் பறக்கும், மெதுவாகப் போகையில் உதறும். உதறினால் காந்தாவின் ஊசி குத்திய கை வலிக்கும். ஆகவே நீளமான, வாய் விரிந்த குழல் இரண்டு வேண்டும், இரண்டும் ஒரே அளவாக மூச்சிழுக்க வேண்டும். அப்படிப்பட்ட குழலை இந்தக் காலத்தில் எவன் வைத்திருப்பான் என்று ராமலிங்கம் கேட்டார். பாய் நேரே நாதஸ்வரம் வாசித்த ராஜகோபால் வீட்டுக்கு நடந்தார்.

ராஜகோபாலும் அவர் தம்பியும் ஜோடி நாதஸ்வரம். சாமி புறப்பாட்டுக்கு இருவரும் வாசித்தால் ஒருவர் வாசிப்பதுபோலத்தான் கேட்கும். தம்பி போன பிறகு அண்ணனும் வாத்தியத்தைத் தொடவில்லை. நாதஸ்வரத்தின் முனையில் பூ மாதிரி விரிந்திருக்குமே, அந்த அணசு, இருவருடையதும் பித்தளையில் செய்தது. "சும்மாதானே கெடக்குது, எடுத்துக்கினு போ பாய்" என்று இரண்டையும் கழற்றிக் கொடுத்தார். பாய் அவற்றின் கழுத்தைக் கடைசல் பட்டறையில் அளவாகக் கடைந்து, அடியில் கார்க் வெட்டி வைத்து, வாய்க்கு டீ வடிகட்டி வலையைக் கட்டி, போல்ட் முடுக்கினார். இரட்டைக் கார்புரேட்டரின் மூச்சைச் சமன் செய்ய, ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் கேட்டுக் கேட்டுத் திருகுவதில் வழக்கமாக அரை நாள் போகும். அன்று கேட்டவுடனேயே இரண்டும் ஒரே சுருதியில் இருந்தன. பாய்க்கு ஒரே பெருமை. ஆனால் ஒன்றை அவர் யோசிக்கவில்லை. அத்தனை வருடம் மூச்சை வெளியே விட்டுக்கொண்டிருந்த வாய்களை இப்போது உள்ளே இழுக்கத் திருப்பி வைத்திருக்கிறோமே, அவை எந்த மூச்சைக் கேட்கும் என்பதை.

முதல் நாளே தெரிந்துவிட்டது. ராஜகுளம் தாண்டும்போது காந்தா வழக்கம்போல ஒரு பெருமூச்சை ஆரம்பித்தாள். பாதியிலேயே அது அவளை விட்டுப் போயிற்று, வண்டி ஒரு துள்ளுத் துள்ளி முன்னே பாய்ந்தது. சுங்கச்சாவடி வரிசையில் லாரி டிரைவர்களின் சலிப்பையெல்லாம் இழுத்துக்கொண்டு எஞ்சின் பட்டுப்போல ஓடியது. கலெக்டர் ஆபீஸ் பக்கம் நிறுத்தினால் அணைத்த பிறகும் நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. தறிக்காரர்கள், சீட்டுக் கட்டுகிறவர்கள், வரன் தேடி அலைகிறவர்கள் எல்லாம் சாயங்காலங்களில் வந்து பானட் அருகே நின்றுவிட்டு, தோள் இறங்கிப் போனார்கள். யாருக்கும் நோய் தீரவில்லை, கடன் அடையவில்லை. ராத்திரி தூங்கினார்கள், அவ்வளவுதான். காந்தா ஆடி மாதத்தில் ஊறுகாய் கேட்டுத் திட்டு வாங்கும் அளவுக்குத் தேறினாள்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, எங்கும் பெருமழை, ரோட்டில் ஈ காக்கை இல்லை. ராஜகுளம் தாண்டியதும் வண்டி நின்றது. டேங்கில் பெட்ரோல் இருந்தது, பேட்டரி இருந்தது. ராமலிங்கம் பாய்க்குப் போன் போட்டார்.

"அதுக்கு ருசி பழகிப்போச்சுணா. வெறுங் காத்து இறங்கல. அண்ணிய ஒரு மூச்சு வுடச் சொல்லு" என்றார் பாய்.

காந்தா முயன்று பார்த்தாள். வரவில்லை. மாதக்கணக்கில் வண்டிக்குக் கொடுத்துக் கொடுத்து அவளிடம் தீர்ந்துவிட்டிருந்தது. போன வாரமே டயாலிசிஸ் ஒரு முறை தவறியிருந்தது. கணுக்கால் இரண்டும் உப்பியிருந்தன. இன்றைக்கும் விட்டால் அவள் தாங்கமாட்டாள் என்று இருவருக்கும் தெரியும். ராமலிங்கம், மேற்கே வெளுத்துக்கொண்டு வருகிறது, மழை விட்டுவிடும் என்று பேச ஆரம்பித்தார்.

"மழைய வுடுங்க. நாலு வருஷமா முழுங்கிக்கினே இருக்கீங்களே, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?" என்றாள் காந்தா. "அலுத்துப் போச்சுன்னு சொன்னா நான் செத்துடமாட்டேன். சொல்லலன்னாதான் இங்கியே கெடப்பேன்."

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். பிறகு, "அலுத்துப் போச்சு காந்தா" என்றார். சொன்னதும் அது வந்தது. விடிவதற்கு முன் எழுந்த நாட்கள், ஆஸ்பத்திரி பெஞ்சுகள், உப்பில்லாத சாப்பாடு, அவள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று பார்த்த இரவுகள் எல்லாம் சேர்ந்து ஒரே பெருமூச்சாக வந்தது. வைப்பர்கள் தாமாக ஆடின. சாலையோரப் புளியமரங்கள் வண்டிப் பக்கம் சாய்ந்து நிமிர்ந்தன. சாவியைத் தொடாமலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. அணசு இரண்டும் தம்பியும் அண்ணனுமாக ஒரே சுருதியில் முழங்க, மழைக்குள் வண்டி கிளம்பியது. நர்ஸ் அவளுடைய படுக்கையை வேறொருவருக்குத் தருவதற்குள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்கள்.

கார்த்திகையில் பாய் எங்கெங்கோ அலைந்து, இந்த வண்டிக்கே உரிய அசல் ஃபில்டர் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து பானட்டின்மேல் வைத்தார். ராமலிங்கம் அதைத் திருப்பிப் பார்த்து, நல்ல சாமான் என்று சொல்லி, டிக்கியில் போட்டு மூடினார். அது இன்னும் அங்கேயே இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் காந்தா முன்சீட்டில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, மற்றவர்கள் பெட்ரோலை விசாரிப்பதுபோல, "இன்னிக்கு உங்ககிட்ட இருக்குதா?" என்று கேட்பாள்.

"இருக்குது" என்பார் அவர். வண்டி கிளம்பும்.