ரொட்டிப் பட்டியலில் இல்லாத பெயர்

எல்லாரும் நலமா? முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கிறதா? என்னுடையது கேட்பதில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை என் தப்பில் பிறந்தது. டென்மார்க்கில், ஆர்ஹுஸ் நகரில், நோயாளிகளைத் தூக்கும் கருவி செய்யும் கம்பெனியில் நான் காரியதரிசி. வெள்ளிக்கிழமைக் காலை ஒரே மேசையில் சேர்ந்து சாப்பிடும் ரொட்டியை எந்த வாரம் யார் வாங்கிவர வேண்டும் என்ற முறைப்பட்டியலை எழுதியவள் நான்தான். பட்டியலில் பெயர் இருந்தால்தான் மேசைக்கு அழைப்பு. அதில் பொறியாளர்கள் பதினான்கு பேர். கருவிக்குக் கையேடு எழுதும் விபெக்கேயின் பெயர் இல்லை. ஒன்பது வருடமாக இல்லை.

1

எப்படித் தொடங்குவது? 'ஒரு மழைநாளில் விபெக்கே...' வேண்டாம். ஆர்ஹுஸில் என்றைக்கு மழை இல்லை?

'மனம் உடைந்த விபெக்கே...' அதுவும் வேண்டாம். அவளுக்கு அலுத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

2

புதுக் கருவியின் கையேடு அச்சுக்குப் போக நான்கு நாள் இருந்தது. எழுதியதைத் தானே செய்து பார்ப்பது அவள் வழக்கம். பிரேக் போட்டும் கருவி உருண்டது. தலைமைப் பொறியாளர் ஃப்ளெமிங்கிடம் போனாள்.

"பிரேக் பிடிக்கல, ஃப்ளெமிங்."

"எச்சரிக்கைன்னு ஒரு வரி போட்டுடேன். நீதான் அழகா எழுதுவியே."

"ஏற்கெனவே இருபத்திரெண்டு போட்டாச்சு. நீங்க எல்லாரும் சரிபண்ணாம விட்டதெல்லாம் என் கையேட்டுல வந்து உக்காருது."

"அம்மா தாயே, அதை யாரு படிக்கிறாங்க?"

"யாரோ ஒரு பெரியவரை இதுல தூக்கப்போற நர்ஸ் படிப்பா. அவர் விழுந்தா எழுதினவளைத்தான் கேப்பாங்க."

(ஃப்ளெமிங்கை வில்லனாக்கப் பார்த்தேன். முடியவில்லை. என் கணவரின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்.)

3

வெள்ளிக்கிழமை ரொட்டி மேசைக்குக் கருவியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அழைப்பில்லாமல்.

"உக்காரு ஃப்ளெமிங். உன் இருபத்திமூணாவது எச்சரிக்கையை வாசிச்சுக்கிட்டே தூக்கறேன்."

பாதி ரொட்டியோடு, சிரித்துக்கொண்டே தூக்குப்பட்டையில் உட்கார்ந்தார். பிரேக் போட்டாள், தூக்கினாள். கருவி உருண்டுபோய் மேசையில் இடித்தது. காப்பி கொட்டியது. சிரிப்பு நின்றது.

"இறக்கு, விபெக்கே."

"இரு, வரியை முடிச்சுக்கறேன்."

4

முடிவு ஒன்று: எல்லாரும் எழுந்து மன்னிப்பு... (அடித்துவிட்டேன். அந்த ஆட்களை எனக்குத் தெரியும்.)

முடிவு இரண்டு: பிரேக்கை மாற்றினார்கள். கூட்டக் குறிப்பில் 'சோதனையில் தெரியவந்தது' என்றிருந்தது. யார் சோதித்தது என்று இல்லை. நடந்தது இதுதான். அதைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.

அன்று மத்தியானம், வெட்கத்தோடு, அடுத்த வெள்ளிக்கு நேரே அவள் பெயரைப் பட்டியலில் எழுதினேன். வந்து பார்த்தாள்.

"ஒன்பது வருஷம் கழிச்சு, உங்க எல்லாருக்கும் நான் ரொட்டி வாங்கணுமா?"

சிரித்தாளா, சலித்துக்கொண்டாளா, தெரியவில்லை.

அடுத்த வெள்ளி எல்லாரும் மேசையைச் சுற்றிக் காத்திருந்தோம். ஃப்ளெமிங்கும்தான். கதவு திறந்தது. அவள் கையில்

இந்த வரியை நான் முடிக்கப்போவதில்லை. அவளுக்காக நான் எழுதியதும் எழுதாமல் விட்டதும் போதும். நீங்கள் முடியுங்கள். அப்படியே, உங்கள் அலுவலகப் பட்டியலில் விட்டுப்போன பெயர் யாருடையது என்றும் எனக்கு எழுதுங்கள்.