பூத்தண்ணி ஊற்றிய ஜாடிகள்

தங்கச்சியின் பிள்ளைப்பேற்றுக்கென்று செங்கலடிக்குப் போயிருந்த மேனுகா, இரண்டு கிழமை கழித்து ஆரையம்பதிக்குத் திரும்பி வந்து குசினிக்குள் கால் வைத்ததும் மூக்கைச் சுளித்தாள். புளிப்பு வாசம் இல்லை. சீனி போட்ட தேயிலைச் சாயம் புளித்துக் கொம்புச்சாப் பானமாய் ஊறுகிற குசினியில் புளிப்பு மணக்காவிட்டால் எதுவோ கெட்டுப்போயிற்று என்றுதான் அர்த்தம். மூன்று ஜாடிகளின் வாயில் கட்டியிருந்த துணியையும் அவிழ்த்தாள். தோசை போலத் தடித்து வெள்ளையாய் மிதக்க வேண்டிய ஆடை, அவள் தாய் என்று சொல்கிற அது, மூன்றிலும் பச்சைப் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. அடியில் தேயிலைச் சாயத்தைக் காணோம். மஞ்சள் தண்ணீர்.

"இதுக்குள்ள யாரு கை வெச்ச?"

வேறு யார்? கத்தாரிலிருந்து லீவில் வந்திருக்கும் புருசன் தனோஜன்தான். கதவடியில் நின்று சிரித்தான். செய்கிறதையும் செய்துவிட்டுச் சிரிப்பு வேறு.

"நான்தான். நித்திரை வருகுதில்லயெண்டு போனில சொன்னாய்தானே. கறுப்புத் தேயிலையக் குடிச்சா எப்பிடி வரும்? அதான் நான் கொண்டுவந்த கமோமைல் பூவை அவிச்சு ஊத்தின. அங்க படுக்கக்குள்ள இதத்தான் குடிக்கிற."

"பழைய தண்ணி?"

"கிணத்தடியில ஊத்தின. வினாகிரி மாதிரிப் புளிச்சுக் கிடந்திச்சு. அந்த ஆடையையும் சுடுதண்ணியில நல்லாக் கழுவித்தான் போட்ட."

மேனுகாவுக்கு உச்சி கொதித்தது. அந்தப் புளித்த தண்ணீர்தான் பூஞ்சணத்தை அண்டவிடாமல் வைத்திருந்தது. அதைக் கொட்டி, தாயைச் சுடுதண்ணீரில் அவித்து, தேயிலையே இல்லாத வெறும் பூத்தண்ணீரில் போட்டால் அது எதைத் தின்று உயிரோடு கிடக்கும்? பூப் போடத் தெரியாதவளா அவள்? ஆவரம்பூ, நன்னாரி, எலுமிச்சம்புல் எல்லாம் போடுகிறவள்தான். ஊறி முடிந்ததை வடித்துப் போத்தலில் அடைக்கும்போது போடுவாள். தாய் கிடக்கிற ஜாடிக்குள் சாயமும் சீனியும் தவிர வேறொன்றும் போகாது. கெட்டால் கைகொடுக்கட்டும் என்று ஒதுக்கி வைத்திருந்த மூன்றாவது ஜாடியைக்கூட இந்த மனுசன் விட்டுவைக்கவில்லை.

கல்லடியில் ஒரு விடுதிக்கு வாராவாரம் அவள் போத்தல்கள் போகின்றன. அவற்றில் ஒட்டியிருப்பது அவள் பெயர். அவன் இல்லாத இரண்டு வருசத்தில் அவளாகத் தொடங்கி அவளாக வளர்த்தது இது ஒன்றுதான்.

"ஒரு வார்த்த கேட்டிங்களா?"

"நல்லதுக்குத்தானே செய்த."

நல்லதுக்காம்.

"இது என்ட அம்மா எனக்குச் சீதனமாத் தந்த வீடு. நீங்க கலியாணம் கட்டி வந்திருக்கிற ஆள். என்ட அடுப்படியில ஒண்டத் தொடுறெண்டா என்னட்டக் கேட்டுத் தொடணும். எனக்கு நித்திர வராதது தேயிலையாலயா? கத்தாருக்கு இன்னும் ரெண்டு வருசம் எழுதிக் குடுத்தீங்களே, அதையும் கேட்டா செய்தீங்க?"

அவன் சிரிப்பு போயிற்று.

"சரி, புதுசா ஒரு தாய் வாங்குவம். எங்க விக்கிற?"

"விக்கிறல்ல. இருக்கிறது ஒரே இடத்திலதான். உங்கட அக்காட குசினியில."

தனோஜன் கதவடியை விட்டு உள்ளே வந்தான். அக்கா கண்ணகையின் வீடு அடுத்த ஒழுங்கைதான். தகப்பனின் வயலில் வரப்புத் தகராறு வந்து அவளோடு பேச்சை முறித்தவன் அவன். அவள் படலையைத் திறக்கக் கூடாது என்று கத்தாரிலிருந்தே பெண்சாதிக்கும் உத்தரவு போட்டிருந்தான்.

"நீ எப்ப அவவோட கதைச்ச?"

"கதைக்காத எண்டு நீங்க சொன்ன அண்டைக்கே. தாயில பாதியையும் குடுத்த. இப்ப போய்க் கேட்டு வாங்கி வாங்க."

"நானா? நீ போவன்."

"கொன்ன ஆள் போங்க."

அவன் அசையவில்லை. பின்னேரம் விடுதிக்காரி போன் எடுத்தாள். மேனுகா போனை அவன் கையில் திணித்து, "இந்தக் கிழமைப் போத்தல் வராதெண்டு நீங்களே சொல்லுங்க" என்றுவிட்டு முற்றம் கூட்டப் போனாள். உள்ளே அவன் மென்று விழுங்குவது கேட்டது. பொழுது பட்டபிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினான். போன கையோடு வெறுங்கையாய் வந்தான்.

"விளக்கு வெச்ச மறுகா தயிர் உறை குடுக்கிறல்லயாம். இதுவும் உறைதானாம். விடிய வரட்டாம்."

ஊரில் எல்லா வீட்டுக்கும் தெரிந்த வழக்கம் அது. மேனுகாவுக்கு மட்டும் தெரியாதா? அவன் படியிறங்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு தரம் காணாது, அந்தப் படலையை இரண்டு தரம் திறக்கட்டும் என்றுதான் பேசாமல் இருந்தாள்.

விடிந்ததும் போனவன் வெயில் ஏறித்தான் வந்தான். இரண்டு கையாலும் ஒரு ஜாம் போத்தலைப் பிடித்திருந்தான். உள்ளே புளித்த தண்ணீரில் தாய் வெள்ளையாய்ச் சுருண்டு கிடந்தது.

"அக்கா ஒண்டும் கேக்கல்ல. இடியப்பம் வெச்சு, திண்டுட்டுப் போ எண்டா" என்றான்.

மேனுகா பூஞ்சணம் பிடித்த ஜாடிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. அவன் அடுப்பில் தண்ணீர் வைத்தான். தட்டிலிருந்த கமோமைல் பேணிக்குப் போன கையைப் பாதியில் இழுத்துக்கொண்டான்.

"மேனுகா, இதுக்கு என்ன போட்டு அவிக்கிற? சீனி எவ்வளவு?"

லீவில் வந்த நாளிலிருந்து ஒன்றைச் செய்யமுன் அவன் அவளிடம் கேட்டது அதுதான் முதல் தரம். தண்ணீர் கொதித்தது. அவளுக்கோ கோபம் இன்னும் அடங்கவில்லை. நிற்கட்டும் என்று, மூன்றாவது ஜாடியையும் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் அளவைச் சொன்னாள்.