தனம் அக்காவின் வண்டிக்கு அக்ரிலிக் மூடி

பௌர்ணமியன்று காலை பத்து மணிக்குத் தனம் அக்கா வேங்கிக்காலில் உள்ள என் கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் வெட்டிய பழம் விற்கிறவர். இரண்டு நாள் முன்பு நான் செய்து கொடுத்த அக்ரிலிக் பெட்டியின் மேல்பலகையில் உள்ளங்கை அளவு ஓட்டை. ஓரமெல்லாம் கருகிக் குமிழ்விட்டிருந்தது.

"சூடம் வெச்சீங்களா?"

"முதல் வியாபாரம்பா. சூடம் ஏத்தாம வண்டிய எடுப்பாங்களா? கண்ணாடிப் பொட்டி மேல எத்தினி வாட்டி ஏத்திக்கீறேன்!"

"இது கண்ணாடி இல்லன்னு சொன்னேனா இல்லியா?"

"பாக்க அப்டித்தானே கீது."

வேகத்தடையில் ஏறி இறங்கி இரண்டு கண்ணாடிப் பெட்டிகள் உடைந்த பிறகுதான் அவர் என்னிடம் வந்தார். அக்ரிலிக், கண்ணாடியைவிடப் பாதி எடைதான்; அதே தெளிவு, லேசில் உடையாது. ஆனால் கீறல் விழும், சூட்டில் இளகும், நெருப்புப் பட்டால் எரியும். எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையதும்தான். மேல்பக்கத்தைத் தட்டையாக வைத்தேன். தட்டையான இடம் கிடைத்தால் இந்த ஊரில் சூடம் ஏறிவிடும்.

"சாயங்காலம் உணவு ஆபீசர் வராரு. மூடி இல்லன்னா வண்டியப் போட வுட மாட்டாரு, புகழு."

"புது ஷீட் நாளைக்குத்தான் வரும்."

"நாளைக்கு வந்தா நான் இன்னா, மலைய சுத்தறதா?"

பெட்டியைக் கழற்றினேன். கருகிய பாதியை அறுத்து எறிந்தேன். மீதியை வைத்துத் தட்டையான கூரை வராது, சாய்வாக வரும். பக்கப் பலகைகளைச் சாய்வாக அறுத்தேன். முன்பலகையில் கோடு போட்டு, சூடான கம்பியின் மேல் அந்தக் கோட்டைப் பிடித்தேன். அவசரப்பட்டு வளைத்தால் விரிசல் விடும். தானாகத் தொய்யும்வரை காத்திருந்து, மேல்பாதியைப் பின்பக்கம் வளைத்து, ஆறும்வரை இரு கையாலும் அழுத்தி நின்றேன்.

"கை சுடலியா?"

"சுடுது. பேசாதீங்க."

மிச்சமிருந்த மேல்பலகையை அதோடு சேர்த்து, இணைப்பில் சிரிஞ்சால், அக்ரிலிக்கை ஒட்டவைக்கும் குளோரோஃபார்ம் விட்டேன். இரண்டு விளிம்பும் கரைந்து ஒன்றாகின. தனம் அக்கா ஒரு எலுமிச்சம்பழத்தை மேலே வைத்தார். உருண்டு கீழே விழுந்தது.

"இன்னாப்பா, ஒண்ணும் நிக்கல?"

"நிக்கக் கூடாதுன்னுதான்."

முறைத்தார். பிறகு எலுமிச்சையை எடுத்துச் சக்கரத்தின் கீழ் வைத்து வண்டியை ஏற்றினார்.

சாயங்காலம் நானும் போனேன். அதிகாரி மூடியைத் தட்டினார், திறந்து மூடச் சொன்னார், உள்ளே ஈ இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.

"சரி, ஓரமா போட்டுக்குங்க."

அவர் நகர்வதற்குள் தனம் அக்கா அன்னாசியில் கத்தியை இறக்கியிருந்தார்.