எல்லாரும் சிரித்த படம்

வீடு பார்த்துக் கொடுக்கிற தரகர் நான். அடுத்தவர் வீட்டுக் கதவைத் திறந்து, அலமாரியைத் திறந்து, குளியலறைக் குழாயைத் திருகிப் பார்ப்பதற்குக் காசு வேறு கொடுக்கிறார்கள். மூக்கை நுழைப்பதே பிழைப்பாகிப் போனவள், தன் கடைக்கு நேர் எதிரே ஞாயிறு தவறாமல் ஒரு கூட்டம் மூன்று விரலைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பாளா? நீங்களே சொல்லுங்கள்.

தென் கொரியாவில், அதுவும் எங்கள் குவாங்ஜூவில், கூட்டம் ஒன்றும் அதிசயமில்லை. எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு வராதவன்கூட ஊர்வலத்துக்கு வந்துவிடுவான். ஆனால் இவர்கள் மியான்மர்க்காரர்கள். ஊருக்கு வெளியே தொழிற்பேட்டையில் வாரம் பூராவும் வேலை பார்த்துவிட்டு, கிடைக்கிற ஒரு நாள் லீவிலும் தூங்காமல் வந்து, எதிர்ப்புக்கு அடையாளமாக அந்த மூன்று விரலைத் தூக்கி, தங்கள் நாட்டு ராணுவம் ஆட்சியைப் பறித்துக்கொண்டதைச் சொல்லிக் கத்தினார்கள். அது எனக்குப் புரிந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது மே மாதம் எங்கள் தெருவிலும் ராணுவம் வந்து ஆட்களைச் சுட்டது. அப்போது நான் பள்ளிக்கூடப் பெண். எனக்குப் புரியாதது வேறொன்று.

அந்த வசந்தத்தில்தான் வெளியிடங்களில் முகக்கவசம் வேண்டாம் என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. ஊரே மூக்கையும் வாயையும் காட்டிக்கொண்டு திரிந்தது. எதிரே நின்றவர்களில் சில பேர் மட்டும் கழட்டவில்லை. அதிலும் ஒருத்தி, தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கவசம் என்று தலையை மூட்டை கட்டி வைத்திருந்தாள். யாராவது ஃபோனைத் தூக்கினால் போதும், சட்டென்று முதுகைக் காட்டிவிடுவாள். இவ்வளவு பயப்படுகிறவள் நட்டநடுச் சாலையில் எதற்கு வந்து நிற்க வேண்டும்? இந்தக் கேள்வி எனக்குச் சோறு இறங்கவிடவில்லை. பார்லி டீ ஒரு கெட்டில் நிறையப் போட்டு எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன்.

"ஏம்மா, வேகலையா உனக்கு?"

"வேகுது."

"அப்ப கழட்டேன்."

"மாட்டேன்."

"கண்ணாடிய மட்டுமாவது?"

"சித்தி, உங்க கடைக் கண்ணாடில வாடகை ரூம்னு ஒட்டியிருக்கீங்களே, அது என்ன விலைன்னு சொல்லுங்க. என் முகத்த விட்டுடுங்க."

வாயாடி! எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

பெயர் தெட் மோன். கார் சீட்டுக்கு உறை தைக்கிற ஆலையில் வேலை. ஆலை விடுதியில் ஆறு பேரோடு புழுங்கிக்கொண்டிருந்தாள். மாடியில் ஒரு சின்ன அறையைக் காட்டப் போனபோது, உள்ளே நுழைந்ததும் முதல் காரியமாகத் திரைச்சீலையை இழுத்துவிட்டாள். பிறகுதான் கவசத்தைக் கழட்டினாள். முப்பது வயதுகூட இருக்காது. நான் வாடகையைச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

"இப்ப கேளுங்க. கேக்கணும்னு தானே படியேறி வந்தீங்க."

"யாருக்குப் பயப்படுற?"

"எனக்காக இல்ல. எங்கம்மாவுக்காக."

அம்மா ஊரில் தனியாக இருக்கிறாள். அந்தப் பக்கம் இணையத்தை வெட்டி எவ்வளவோ நாளாகிறது. எப்போதாவது குரல் மட்டும் வரும், அதையும் யாரோ ஒட்டுக் கேட்பார்கள். மகள் கிளம்பி நாலு வருஷம். அம்மா மகள் முகத்தைக் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான். வெளிநாட்டில் யார் கொடி பிடிக்கிறார்கள் என்று படம் படமாகத் துழாவி, முகத்தையும் ஊரையும் போட்டுக் காட்டிக்கொடுக்கிற கும்பல்கள் இருக்கின்றன. போட்டால் சிப்பாய்கள் அந்த வீட்டைத் தேடிப் போவார்கள். பக்கத்து ஊரில் ஒரு வீட்டை இப்படித்தான் கொளுத்தினார்கள், ஆட்களை உள்ளே வைத்து.

"இவ்வளவு தெரிஞ்சும் எதுக்குடி வந்து நிக்கிற?"

"நிக்காட்டி தூக்கம் வரல, சித்தி."

இதற்குமேல் என்ன கேட்பது? அறைச் சாவியை அவள் கையில் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு நானும் போய் நின்றேன். வேடிக்கை பார்க்கத்தான் போனேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். மூன்று விரலைத் தூக்கும்போது கட்டை விரல் எங்கே போக வேண்டும் என்பதே எனக்கு வெகுநேரம் பிடிபடவில்லை.

கூட்டத்தை நடத்தியவர் குக் ஜோங்-பில் என்று ஒரு ரிட்டயரான பூகோள வாத்தியார். வெளிநாட்டுக் குழுக்களோடெல்லாம் பழக்கம். சனிக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டரில் மணிலா, சியாங் மாய், பெர்லின் என்று கட்டம் கட்டமாக ஆட்கள் வந்து பேசுவார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் தவறாமல் போய் உட்கார்ந்தேன். அவர்கள் முதுகுக்குப் பின்னால் தெரிகிற வீடு இருக்கிறதே, அதை யார் பார்ப்பது? பெர்லின்காரர் அறையில் கூரை உயரம். மணிலாக்காரியின் சுவர் முழுக்க ஓதம்.

"வாத்தியாரே, அந்தம்மா கிட்ட வாடகைய கொறைக்கச் சொல்லிக் கேக்கச் சொல்லுங்க. சுவர் அழுவுது."

"உலகத்துல மனுஷ உரிமை போயிட்டிருக்கு, உங்களுக்கு சுவரா?"

"ஓதமில்லாத வீடும் மனுஷ உரிமைதான். மொழிபெயர்த்துச் சொல்லுங்க."

சொன்னார். மணிலாக்காரி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, கேமராவைத் திருப்பி மற்ற மூன்று சுவரையும் காட்டினாள். அதுவும் அழுதது.

மே மாதம் எங்கள் ஊர் துக்கமும் பெருமையுமாக இருக்கிற மாதம். அந்த மாதத்துப் பெரிய கூட்டத்தில் மோன் முதல் தடவையாக ஒலிபெருக்கியைப் பிடித்துப் பேசினாள். மூட்டை கட்டிய தலையோடுதான். தூறல் வேறு. அவள் கொரிய மொழி தட்டுத் தடுமாறியது, ஆனால் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. முடித்ததும் கூட்டம் கை தட்டிய தட்டில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஈரமாய்ப்போன கறுப்புக் கண்ணாடியைக் கழட்டித் துடைத்தபடியே வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் குழுப்படம் எடுக்காமல் எந்தக் கூட்டமும் முடிந்ததாகக் கணக்கில்லை. சாவு வீட்டைத் தவிர மற்ற இடத்திலெல்லாம் பேனரை விரித்து, முஷ்டியைத் தூக்கி, "கிம்ச்சி" என்று பல்லைக் காட்டினால்தான் வீட்டுக்குப் போக விடுவார்கள். குக் வாத்தியாருக்கோ அது பக்தி. மே மாதக் கொலைகளை நாட்டுக்குள் மூடி மறைத்தபோது வெளிநாட்டுக்காரர்கள் எடுத்த படங்கள்தானே எங்களை உலகத்துக்குக் காட்டின என்பார். அவர் அண்ணன் அந்த மாதத்தில் காணாமல் போனவர். ஒழுங்காக முகம் தெரிகிற ஒரு படம்கூட வீட்டில் இல்லை.

"எல்லாரும் வாங்க, வாங்க! நனைஞ்சது போதும், கவசத்தக் கழட்டுங்க!" என்று கூவினார். வழியில் போன ஒருவரிடம் தன் ஃபோனைக் கொடுத்துவிட்டு, பேனருக்கு நடுவில் வந்து நின்றுகொண்டார். மூடிக்கொள்ள வேண்டியவர்கள் எப்போதும்போலக் கடைசி வரிசைக்குப் போய்த் தலையைக் குனிந்தார்கள். மோன் மட்டும் அந்தச் சந்தோஷத்தில், கண்ணாடி இன்னும் கையிலிருக்க, என் பக்கத்திலேயே நின்றுவிட்டாள்.

நான் சும்மா இருந்தேனா? "வாத்தியாரே, வயித்த உள்ள இழுங்க! பேனரே தெரியல!" என்றேன்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மோனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நனைந்த துணி மூக்கோடு ஒட்டி மூச்சு முட்டியதில், கவசத்தை மோவாய்க்குக் கீழே இழுத்துவிட்டு, என் தோளில் சாய்ந்து சிரித்தாள். ஒரு நொடிதான். அவளே சட்டென்று ஏற்றிக்கொண்டாள்.

அந்த நொடியில் எடுத்திருக்கிறார்கள் என்பது, சாயங்காலம் நூடுல்ஸுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு ஃபோனைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. குழுவின் இணையப் பக்கத்தில் வாத்தியார் போட்டிருந்தார். மணிலாவும் பெர்லினும் எடுத்துப் பரப்பியிருந்தார்கள். அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல் அவருக்கு ஃபோன் போட்டேன்.

"வாத்தியாரே, படத்தப் பாத்தீங்களா?"

"பாத்தேன் பாத்தேன்! எல்லார் முகத்துலயும் என்ன ஒளி!"

"ஒளியாம் ஒளி! மோன் முகம் பளிச்சுன்னு இருக்கு, உங்க தலையில இடி விழ!"

மறுபக்கம் படத்தைத் திறந்து பார்த்திருப்பார் போலிருக்கிறது. அப்புறம், "எல்லாரும் சிரிச்சாங்க. நான் முகத்த எண்ணல, சிரிப்பத்தான் பாத்தேன்" என்றார். மறுபடியும் அவரே, "எங்கண்ணன் முகம் ஏதாவது ஒரு படத்துல இருக்காதான்னு தேடித் தேடியே வயசாயிடுச்சு. முகம் தெரிஞ்சா அது ஆளக் காப்பாத்தும்னு நெனச்சே பழகிட்டேன்" என்றார். திட்டுவதற்கு வாயில் வைத்திருந்ததையெல்லாம் முழுங்கிக்கொண்டேன். அந்த மனுஷனை அதற்குமேல் என்ன திட்டுவது?

ஒரு படத்தை உலகத்துக்கு அனுப்ப ஒரு விரல் போதும். அதைத் திரும்பப் பொறுக்குவதற்கு நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். வாத்தியார் மணிலாக்காரியைக் கூப்பிட்டார்; அவள் தன் ஆட்களைக் கூப்பிட்டாள்; பெர்லின்காரர் அன்றைய வேலையைப் போட்டுவிட்டு ஒவ்வொருவராகக் கேட்டு அழிக்க வைத்தார். ஏன், எதற்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவரவர்க்கும் காப்பாற்ற வேண்டிய முகம் ஒன்று எங்கேயோ இருந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கட்டங்களில் சுவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், மடச்சி.

ஆனாலும் பிந்திவிட்டது. காட்டிக்கொடுக்கிற பக்கம் ஒன்றில் மோன் முகம் மட்டும், ஓரத்தில் என் தோளோடு, வெட்டி எடுக்கப்பட்டு, கீழே ஊர்ப் பெயரோடு வந்துவிட்டது.

மோன் கத்தவில்லை. "நான்தான் கழட்டினேன், சித்தி" என்றாள், அவ்வளவுதான். அம்மாவுக்கு ஃபோன் போட்டாள். போகவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போட்டாள். அதுவும் போகவில்லை. மறுநாளும், அதற்கு மறுநாளும் போகவில்லை. ஆலைக்குப் போனாள், வந்தாள். நான் கொண்டுபோய் வைத்த சோறு வைத்தபடியே இருந்தது. வாத்தியார் தினமும் என் கடைக்கு வந்து, வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பையனைப்போல ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

ஞாயிறு வந்தது. மோன் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்து நின்றாள். அவள் நிற்பதைப் பார்த்ததும் வாத்தியார் பேசாமல் என் கடைக்குள் போய், என் வெயில் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, என்னுடைய பூப்போட்ட கறுப்புக் கண்ணாடியையும் போட்டுக்கொண்டு, கவசம் கட்டிக்கொண்டு வந்து நின்றார். கொஞ்ச நேரத்தில் கொரியர்கள் எல்லோருமே மூடிக்கொண்டார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர், "என்ன, எல்லாரும் சேர்ந்து பேங்க்ல கொள்ளையடிக்கப் போறீங்களா?" என்று கேட்டார். யார் மியான்மர், யார் குவாங்ஜூ என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. மோன் மட்டும் திரும்பித் திரும்பி எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் ஒரு மத்தியானம், நான் ஒரு இளம் ஜோடிக்கு வீட்டுச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது, மோன் ஆலைச் சட்டையோடே ஓடிவந்தாள்.

"அம்மா பேசினாங்க."

சாவிக்கொத்தை அப்படியே போட்டேன். ஓரத்து நாற்காலியிலிருந்து எழுந்த வாத்தியார் எழுந்தபடியே நின்றார்.

"எங்க இருக்காங்க? வீடு?"

"வீடு இருக்கு. அம்மாவும் இருக்காங்க. சொந்தக்காரங்க ஊருக்கு நடந்து போய் அங்கேருந்து போட்டாங்க."

"சிப்பாய்ங்க?"

"வந்தாங்களாம். படத்தோட வந்தாங்களாம். வாசல்ல நிக்க வச்சு, இது உன் பொண்ணான்னு கேட்டாங்களாம்."

வாத்தியார் தன் நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டார். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அம்மா என்ன சொன்னாங்க? அப்படியே சொல்லு, ஒரு வார்த்த விடாம."

"யாராவது ஒட்டுக் கேப்பாங்கன்னு என்னை மகள்னே கூப்பிடல, சித்தி. யாரோ ஊர்க்காரிகிட்ட வம்பு பேசற மாதிரி பேசினாங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மாவின் குரலிலேயே சொன்னாள்:

"'யாரோ ஒரு பொண்ணு படத்த கொண்டாந்து காட்டினாங்கடி. இவ யாரு எவளோ, எனக்குத் தெரியாது, என் பொண்ணு இவ்வளவு செவப்பில்லன்னு சொல்லிட்டேன். சரின்னு கெளம்பினாங்க. நாந்தான், தம்பி, எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது, எதுக்கும் இன்னொரு தடவ காட்டுன்னு கூப்பிட்டு, கையில வாங்கி நல்லாப் பாத்தேன். கன்னமெல்லாம் பூசினாப்ல இருக்கு அந்தப் பொண்ணுக்கு. பக்கத்துல ஒரு பெரியவங்க தோள் தெரியுது, அதுல சாஞ்சு வாய்விட்டுச் சிரிக்குது. யாரு பெத்த புள்ளையோ. பெத்தவ பாத்திருந்தா அன்னிக்கு நிம்மதியா தூங்கியிருப்பா.'"